துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவில் ஒரு கூடம்

திருவல்லிக்கேணியில் பாரதி கடைசியாகக் குடியிருந்த வீட்டை 1993இல் தமிழக அரசு வாங்கிப் புதுப்பித்து நினைவு இல்லமாக்கியது. அதற்குச் சில வருஷங்கள் கழித்து, நாங்கள் சிலர் அங்கே மாலை நேரங்களில் கூட்டம் போட ஆரம்பித்தோம். ஜமக்காளம் விரிப்பது என் வேலை. முழங்கால் வலிக்காரர்களுக்குச் சுவரோரம் நாலைந்து நாற்காலி. மைக் கிடையாது, அந்தக் கூடத்துக்கு வெறுங்குரலே தாராளம்.

இருபத்தைந்து, முப்பது பேர் வருவார்கள். "இவ்வளவுதானா?" என்று யாராவது குறைப்பட்டால் எனக்கு மனசு பொறுக்காது. 1921 செப்டம்பரில் இந்த வாசலிலிருந்து கிருஷ்ணாம்பேட்டை மயானம் வரை அவர் பின்னால் நடந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். அந்த வீட்டில் முப்பது பேர் உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்பது எனக்குப் பெரிய கூட்டம்தான்.

புதிதாக வருகிறவர் எவரும் யானையைப் பற்றிக் கேட்காமல் போனதில்லை. பார்த்தசாரதி கோயில் யானை தள்ளியதால்தான் இறந்தார் என்றே பலர் நினைத்திருந்தார்கள். குவளைக்கண்ணன் பாய்ந்து அவரை மீட்டதையும், அந்த அடி ஆறிய பிறகு அவர் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய்ப் பேசியதையும், வயிற்றுக்கடுப்பு கண்டு உயிர் போனதையும் எங்களில் மூத்தவர் ஒவ்வொரு முறையும் அலுக்காமல் எடுத்துச் சொல்வார். சுவரில் மாட்டிய படங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அவசியம்தான். ஆனால், கேள்வி கேட்க ஆளும் பதில் சொல்ல ஆளும் இருந்த அந்த மாலைகளில்தான் எனக்கு அது வீடாகத் தெரிந்தது.

உற்சவ காலங்களில் பேச்சு பாதியில் நிற்கும். சுவாமி புறப்பாடு தெருவுக்குள் திரும்பியதும் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவோம். முன்னால் திவ்யப்பிரபந்தக் கோஷ்டி, பின்னால் வேத பாராயணம். நாத்திகம் பேசும் நண்பர் ஒருவர், கோஷ்டி கடந்து போகும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். பாசுரத் தமிழுக்காக என்பார். பிறகு உள்ளே வந்து, விட்ட வரியிலிருந்து தொடர்வோம்.

கடைசியில் தொன்னையில் சுண்டல், ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி. வாதம் முடியாதவர்கள் ரத்னா கபேக்கு நடப்பார்கள். சாம்பாரில் இட்லி முழுகிக் கிடக்க, அடுத்த கூட்டத்துக்குக் குயில் பாட்டா, பாஞ்சாலி சபதமா என்று சண்டை நடக்கும். பெரும்பாலும் பாஞ்சாலிதான் ஜெயிப்பாள்.