திராட்சை ஏன் அழுதது?

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போயிருக்கிறீர்களா, நேயர்களே? தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாக பஸ்ஸில் சென்றால், மேற்கே மலைத் தொடர் கூடவே வரும். வழியெல்லாம் நெல் வயல், வாழை, திராட்சைப் பந்தல்! எல்லாம் 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணையின் உபயம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை இங்கேதான் விளைகிறது.

கம்பத்தில் இரண்டு கிலோ வாங்கினேன். கடைக்காரர் பாலிதீன் பையில் போட்டு நீட்டினார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பைதான். ஆனாலும் அவர் நீட்டினார்; நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மதுரை பஸ் உசிலம்பட்டியைத் தாண்டுவதற்குள் பைக்குள் முத்து முத்தாக நீர் கோத்துவிட்டது. பாதிப் பழம் காம்பை விட்டு உதிர்ந்து கசங்கிவிட்டது.

பக்கத்தில் இருந்த பெரியம்மா எட்டிப் பார்த்தாள். "ஏந் தாயி, மூச்சு முட்டக் கட்டி வெச்சா அது அழாம என்ன செய்யும்?" என்றாள். அவளுடைய திராட்சையோ ஓலைக் கொட்டானில் சுகமாக வீற்றிருந்தது!

அதற்காகப் பாலிதீனை அடியோடு திட்டிவிடவும் மனம் வரவில்லை. முதல் நாள்தான் போடிநாயக்கனூரில் ஏலக்காய் மூட்டைகளைப் பார்த்திருந்தேன். சாக்குக்குள்ளே கறுப்புப் பாலிதீன் உறை. ஈரம் புகாததால் காயின் பச்சை நிறம் மங்குவதில்லை. தோட்டங்களில் சொட்டு நீரைச் செடியின் வேரடிக்கே கொண்டு சேர்க்கும் குழாயும் இதே இனந்தான்.

ரகசியம் இதுதான்: பாலிதீன் நீரை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. உலர்ந்த ஏலக்காய்க்கு அது கவசம். மூச்சு விடும் திராட்சைக்குச் சிறை. மண்ணில் போட்டாலும் அதே பிடிவாதத்தோடு மக்க மறுக்கிறது.

1933-ல் இங்கிலாந்தில் இரண்டு ரசாயன நிபுணர்கள் வாயுவை அழுத்திப் பார்த்தபோது, எதிர்பாராமல் மெழுகுபோல் கிடைத்த பொருள் இது. இன்று பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் உலகம் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் தயாரிக்கிறது. குழாயானால் பல வருஷம் உழைக்கிறது. ஆனால் பெரும் பகுதி சுற்றிக் கட்டத்தான் போகிறது, பிரித்ததும் குப்பை. என் பை உழைத்தது மூன்று மணி நேரம். என் பேத்தியின் காலத்திலும் அது எங்காவது கிடக்கும்!

ஆகவே சகோதரிகளே, கம்பத்துக்குப் புறப்படும்போது ஒரு மஞ்சள் பையையோ கூடையையோ மறவாதீர்கள். உங்கள் திராட்சையாவது சிரித்த முகத்தோடு வீடு வந்து சேரட்டும்!