அமானிதம் காத்த விரல்நீளக் கருவி

எழுதுதல் அரிது; எழுதியதைக் காத்தல் அதனினும் அரிது. நம் முன்னோர் எழுதிவைத்த ஏடுகளுள் கறையானுக்கும் கடற்காற்றுக்கும் இரையானவை எத்தனையோ! யமாமாப் போரில் திருக்குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதானதைக் கண்டு கவலையுற்ற உமர் (ரலி) அவர்கள், அதனை ஒருங்கே எழுத்தில் தொகுக்குமாறு கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் எடுத்துரைத்தார்கள். அப்பெரும்பணி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பெற்றது. நெஞ்சில் இருப்பது ஏட்டிலும் இருத்தல் வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கையை நமக்குக் கற்பித்த வரலாறு இது.

இந்நாளில் ஏடும் சுவடியும் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. அங்கே கறையான் இல்லை. ஆயினும் அழிவு உண்டு. அதனை அண்மையில் நேரிற் கண்டேன்.

எம் துறை ஆய்வு மாணவி ஒருவர், கடற்கரையூர்களில் முதிய பெண்மக்கள் பாடிவரும் முனாஜாத்துகளையும் தாலாட்டுகளையும் ஈராண்டுகளாகத் திரட்டி வந்தார். ஒருநாட் காலை அவருடைய மடிக்கணினி இயங்க மறுத்தது. விசையை அழுத்தினால் நிறுவனச் சின்னம் தோன்றும்; பின்னர்த் திரை இருண்டுவிடும். பழுது நீக்கும் கடையில், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றித் தருகிறோம்" என்றனர். "ஐயா, கணினி போனால் போகட்டும். அந்தப் பாட்டிம்மாவின் குரல் இதற்குள்தான் இருக்கிறது" என்று கலங்கினார் அம்மாணவி. பாடித் தந்த மூதாட்டியார் சென்ற ரமலானுக்கு முன்னரே இறைவன்பால் மீண்டுவிட்டார். இறுதியாகப் பாடிய பாடல்களுக்கு வேறு படி இல்லை.

கணினித் துறை ஆசிரிய நண்பர் ஒருவர் எமக்கு வழிகாட்டினார். கணினியை முடுக்கியவுடன் முதலில் விழித்தெழுவது அதன் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு நிரலே. அது சேமிப்புத் தட்டில் உள்ள இயங்குதளத்தைத் தேடி எழுப்பும். அவ்வியங்குதளம் சிதைந்திருப்பின் கணினி எழாது. ஆயினும், அதே தட்டில் உள்ள நம் கோப்புகளும் சிதைந்தன என்பது அதன் பொருளன்று. தலைவாயிற் கதவு அடைத்துக்கொண்டால் வீட்டினுள் இருக்கும் பெட்டகம் தொலைந்துவிடுமா? கொல்லைவாயில் வழியே சென்று எடுத்து வரலாமன்றோ? அக்கொல்லைவாயில்தான் பென்டிரைவ்.

நலமாக உள்ள வேறொரு கணினியில், கட்டணமின்றிக் கிடைக்கும் உபுண்டு லினக்ஸின் ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கிக்கொண்டோம். அதனைப் பென்டிரைவில் வெறுமனே படியெடுத்து வைத்தால் பயனில்லை. கணினியை எழுப்பும் வகையில் ரூஃபஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதுங்கால் பென்டிரைவில் முன்னிருந்தவை யாவும் அழிந்துபடும். ஆதலின் வெறுமையான ஒன்றையே எடுத்துக்கொண்டோம்.

பின்னர் அதனைப் பழுதுற்ற கணினியிற் செருகி, முடுக்கும்போதே எஃப்12 விசையைத் தட்டினோம். இவ்விசை கணினிக்குக் கணினி மாறுபடும். தோன்றிய பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தோம். "நிறுவுக" என்பதைத் தொடாது "முயன்று பார்க்க" என்பதை மட்டுமே அழுத்துமாறு நண்பர் வலியுறுத்தினார். நிறுவினால் பழைய தட்டு அழிக்கப்படலாம்; முயன்று பார்ப்பின் லினக்ஸ் தற்காலிக நினைவகத்திலேயே இயங்கும்.

சில நிமிடங்களில் திரை ஒளிர்ந்தது. உள்ளே அம்மாணவியின் கோப்புறைகள் வரிசையாக நின்றன! ஒன்றையும் திருத்தாமல், அனைத்தையும் வேறொரு வெளிவன்தட்டிற்குப் படியெடுத்தோம். முதலிற் கேட்ட ஒலிப்பதிவில் பாடல் இடையே நின்றது. "கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிறேன் புள்ளே" என்றது ஒரு தளர்ந்த குரல். பின்னர் முனாஜாத்து தொடர்ந்தது. அவ்வறையில் இருந்த எவரும் பேசவில்லை. அம்மாணவி முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாப் பழுதுக்கும் இது மருந்தன்று. வன்தட்டே பழுதுற்றுக் கடகடவென ஒலியெழுப்பின் மின்னிணைப்பை நிறுத்தி வல்லுநரிடம் சேர்த்தலே நன்று. பிட்லாக்கர் பூட்டு இடப்பட்டிருப்பின் 48 இலக்க மீட்புத் திறவுகோல் இன்றித் திறவாது. அதனை முன்னரே குறித்து வைத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! அரிய ஆவணம் எதற்கும் 3 படிகள் வையுங்கள். அவை 2 வகைச் சேமிப்புகளில் இருக்கட்டும். 1 படி வேற்றிடத்தில் இருக்கட்டும். தமிழை ஒருங்குறியிலேயே தட்டெழுதுங்கள். 1990களில் பல்வேறு எழுத்துருக் குறியீடுகளில் அடித்த கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் இன்று பொருளற்ற குறிகளாகத் தோன்றுவதைக் காண்கின்றோம். கோப்பு பிழைத்தும் மொழி பிழைக்காத நிலை அது.

ஒருவர் நம்மை நம்பித் தம் பாட்டையும் குரலையும் ஒப்படைத்தால், அது அமானிதம். தந்தவர் மறைந்த பின்னர் அதன் பொறுப்பு குறைவதில்லை, கூடுகின்றது. அவர்தம் பேரர்கள் நாளை வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுக்க நம்மிடம் அது இருத்தல் வேண்டும். அதற்குரிய அறிவையும் விழிப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.