கேலாங்கில் ஒரு குதிகால்

ஆன்ட்டிஜி என் மடியில் வைத்த ஐந்து ஊசிகளும் கடையில் வாங்கியவை அல்ல. பழைய சைக்கிளின் போக்ஸ் கம்பிகள். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு முனைகளையும் கல்லில் உரசிக் கூராக்கியிருந்தார். எத்தனை வருடம் விரல்களுக்குள் உருண்டனவோ, பட்டுப்போல வழவழவென்று இருந்தன.

"இரண்டு ஊசியில் மஃப்ளர் பின்னுவேன்னு சொன்னியே, இது ஐந்து. நாலு பிடிச்சுக்கும், ஒண்ணு வேலை செய்யும்" என்றார்.

ஹிமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் கேலாங். நவம்பர் கடைசி வாரம். பட்டாணியும் உருளைக்கிழங்கும் எடுத்து முடிந்து வயல்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அறை நடுவே புகைக்குழாய் வைத்த இரும்பு அடுப்பு; இங்கே அதற்குத் தந்தூர் என்று பெயர். அதைச் சுற்றிப் போட்ட கம்பளங்களில்தான் குளிர்கால வாழ்க்கை முழுவதும். ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தில் பாகா நதி, எதிர்ச்சரிவில் கர்தங் மடாலயம். ஊசிகளைத் தந்தவர் நான் தங்கியிருந்த வீட்டின் மூத்த பெண்மணி. ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டிஜிதான். சாக்ஸ் பின்னக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றதும், எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டார். எட்டு நாள் என்றேன். "ஒரு காலுக்குப் போதும்" என்றார்.

லாஹௌலின் கைப்பின்னல் காலுறைகளுக்கும் கையுறைகளுக்கும் புவிசார் குறியீடு உண்டு. இந்தப் பின்னலின் வேர் ஒரு மிஷன் வீட்டில் இருக்கிறது. 1850களில் ஜெர்மனியிலிருந்து வந்த மொராவியன் மிஷனரிகள் கேலாங்கில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர்களில் ஒருவரான ஹைடேயை மணந்துகொள்ள 1859-இல் இமயமலை ஏறி வந்தவர் மரியா. இங்கத்திய பெண்களை உட்கார வைத்துப் பின்னல் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மதம் இங்கே பெரிதாக வேர் பிடிக்கவில்லை, பின்னல் பிடித்துக்கொண்டது. காரணம் குளிர் மட்டுமில்லை என்று நினைக்கிறேன். ரோத்தாங் கணவாய் பனியில் மூடிவிட்டால் வருடத்தில் பாதி நாள் வெளியுலகம் கிடையாது. 2020 அக்டோபர் 3 அன்று அடல் சுரங்கப்பாதை திறக்கும்வரை இதுதான் நிலைமை. அத்தனை மாதங்கள் வீட்டுக்குள் இருக்கிற கைகளுக்கு ஒரு வேலை வேண்டுமே.

முதல் நாள் 56 கண்ணி ஏற்றச் சொன்னார். ஒரு ஊசிக்கு 14. இந்தியில் கண்ணிக்கு ஃபந்தா என்கிறார்கள், சுருக்கு என்று அர்த்தம். நம் கண்ணியும் பறவை பிடிக்கிற சுருக்குத்தானே. இரண்டு மொழிக்காரர்களுக்கும் நூல் வளையத்தைப் பார்த்ததும் ஒரே நினைப்பு வந்திருக்கிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஏற்றிய கண்ணிகளை வட்டமாக இணைத்து ஐந்து சுற்றுப் பின்னினேன். ஆன்ட்டிஜி கையில் வாங்கி, பார்க்காமலே விரலால் ஒரு சுற்றுத் தடவினார். எங்கோ ஓரிடத்தில் விரல் நின்றது. இணைக்கும்போது வரிசை ஒருமுறை முறுக்கிக்கொண்டிருந்தது. பாவாடை நாடா மடிப்புக்குள் முறுக்கிக்கொள்ளுமே, அதுபோல. நாடாவை நீவிச் சரிசெய்துவிடலாம், இதைச் சரிசெய்ய வழியே இல்லை. இன்னும் நூறு சுற்றுப் பின்னினாலும் முறுக்கு முறுக்காகவே இருக்கும்.

"அவிழ்த்துடு, மகளே."

அந்த வார்த்தையை எட்டு நாளில் எத்தனை முறை கேட்டேனோ. சொல்லும்போது அவர் குரலில் கோபமோ வருத்தமோ இருக்காது. அடுப்பில் இன்னொரு விறகு வை என்பதுபோலச் சொல்வார். அவிழ்த்த நூல் சுருட்டை முடிபோல நெளிந்து நெளிந்து வரும். அதை நாற்காலி முதுகில் சுற்றிக் கழியாக்கி, கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் காட்டுவார். நெளிவு மெல்ல இறங்கி நூல் நேராகும். மறுபடி ஏற்று.

இரண்டாவது முறை முறுக்கு இல்லை. ஆனால் மேல் விளிம்பு கம்பிபோல இறுகிவிட்டது, என் குதிகாலைத் தாண்டி ஏறாது. இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் கண்ணி ஏற்றி, பிறகு ஒன்றை உருவிவிடச் சொன்னார். விளிம்புக்குத் தாராளம் வந்தது. மூன்றாவது முறை வந்த குறை வேறு. ஊசியும் ஊசியும் சந்திக்கிற நான்கு இடங்களிலும் கண்ணிகள் விலகி, மேலிருந்து கீழே ஏணிப்படிபோல ஒரு கோடு இறங்கியது. அம்மா பூ கட்டும்போது நாரை இழுக்கிற இழுப்பு நினைவுக்கு வந்தது. முதல் சுற்றில் இறுக்கமாட்டாள், அடுத்த சுற்றில்தான் இழுப்பாள். பூக்காம்பு நசுங்காது, நழுவவும் செய்யாது. இங்கேயும் அதுவேதான். புது ஊசிக்கு மாறியதும் முதல் கண்ணியை இழுத்துப் பயனில்லை. இரண்டாவதைப் பின்னும்போது இழுத்தால் முதலாவது தானே இடத்தில் போய் உட்காரும். நான் சொல்லிப்பார்த்ததும் ஆன்ட்டிஜிக்குப் புரிந்துவிட்டது. பூ கட்டுவதை நடித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை பார்த்தார்.

மூன்றாம் நாள் சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி ஒரு பட்டை. ஒரு நிறத்தைப் பின்னும்போது மற்ற நிறம் உள்பக்கமாக ஓடும். வெளியே பார்க்க அழகாகத்தான் இருந்தது. குதிகாலுக்குப் போகுமுன் போட்டுப் பார் என்றார். கால் பட்டையில் சிக்கிக்கொண்டது. உள்ளே ஓடும் நூலை நான் இழுத்து இழுத்துப் பிடித்திருக்கிறேன். கம்பளிக் கண்ணி விரியும், ஓடும் நூல் விரியாது. பின்னிய கண்ணிகளை ஊசியில் நன்றாகப் பரப்பிவிட்டுத்தான் நிறம் மாற்ற வேண்டும்.

அன்று மத்தியானம் சுரங்கம் வழியாக மணாலியிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் படியேறி வந்தது. சாக்ஸ் விலை கேட்டார்கள், பாதிக்குக் கேட்டார்கள். ஆன்ட்டிஜி பேரம் பேசவில்லை. ஒரு சாக்ஸை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பி அவர்கள் முன் வைத்தார். அங்கே ஓடும் நூல்கள் ஒவ்வொன்றும் ஒரே தளர்வில், சீப்பால் வாரியதுபோல வரிசையாகக் கிடந்தன. அவர்கள் அதைப் பார்க்கவில்லை. போய்விட்டார்கள். கைப்பின்னல் எதை வாங்கினாலும் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தவருக்குப் பாதி விலை கேட்க வாய் வராது.

நான்காம் நாள் குதிகால். நான் வந்ததே இதற்காகத்தான்.

சாக்ஸை நாம் ஒரு குழாய் என்று நினைக்கிறோம். கால் குழாய் இல்லை. கணுக்காலுக்குக் கீழே வந்ததும் முன்னால் திரும்புகிறது, பின்னால் உருண்டையாகப் புடைக்கிறது. துணியாக இருந்தால் வெட்டித் தைத்துவிடலாம். ஒரே நூலில், கத்தரி படாமல், அந்தத் திருப்பத்தை எப்படிக் கொண்டுவருவது?

56 கண்ணியில் பாதியை, 28-ஐ, ஒரே ஊசிக்கு மாற்றினோம். மீதிப் பாதி காத்திருக்கும். இந்த 28-ஐ மட்டும் மஃப்ளர்போல முன்னும் பின்னுமாக 28 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் நழுவவிட வேண்டும். ஓரத்தில் சங்கிலிபோல 14 கண்ணி கிடைக்கும். அது பிறகு உதவும். இதுவரை சிரமமில்லை. குதிகாலுக்குப் பின்னால் ஒரு மடல் தொங்கியது.

அப்புறம் சொன்னார்: 16 சீதா (நேர்ப்பின்னல்). அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கு. இன்னும் ஒன்று பின்னு. நிறுத்து. திருப்பு.

இடது ஊசியில் இன்னும் 9 கண்ணி பின்னாமல் இருந்தது. என் கை அவற்றையும் பின்னி முடித்துவிட்டுத்தான் திரும்பியது. வரிசையைப் பாதியில் விடக்கூடாது என்று பழகிய கை. அவிழ்த்தேன். அடுத்த முறை 9-ஐ விட்டுவிட்டுத் திரும்பினேன். முதல் கண்ணியை நழுவவிட்டு, 5 உல்டா (எதிர்ப்பின்னல்), இரண்டைச் சேர்த்து ஒன்று, இன்னும் ஒன்று, மறுபடி திருப்பு. இந்தப் பக்கமும் 9 மிச்சம். அதற்கடுத்த வரிசையில் 6, பிறகு 7 என்று எண்ணிக்கை ஏறும். எண்ணிக்கொண்டே போனேன். ஐந்தாவது வரிசையில் அடுப்பில் ஏதோ பொங்க, எண்ணிக்கை தவறியது. மறுபடி அவிழ்த்தேன். இருட்டிவிட்டது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஆன்ட்டிஜி உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை நீட்டினார். தன் ஊசிகளை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, திரும்பிய இடத்தின்மேல் வைத்தார். அங்கே இரண்டு கண்ணிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. திரும்பிய இடமெல்லாம் அப்படி ஒரு பள்ளம் விழுகிறது.

"எண்ணாதே. பள்ளத்தைப் பாரு. பள்ளத்துக்கு இந்தக் கரை ஒண்ணு, அந்தக் கரை ஒண்ணு. ரெண்டையும் சேர்த்துக் கட்டு. இன்னும் ஒண்ணு பின்னு. திரும்பு."

எண்களை விட்டுவிட்டு விரலால் தேடினேன். பள்ளம் வந்தது, சேர்த்தேன், திரும்பினேன். அந்தப் பக்கம் போனேன், பள்ளம் வந்தது. ஒவ்வொரு முறையும் நடுப்பகுதி அகலமாகி, ஓரங்கள் உள்ளே இழுபட, தட்டையாக இருந்த பின்னல் என் கையிலேயே குழியத் தொடங்கியது. 28 கண்ணி 16-ஆகக் குறைந்தபோது உள்ளங்கையில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. குழந்தையின் குதிகாலைத் தாங்கிப் பிடிப்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது.

பிறகு வந்ததெல்லாம் இறங்குமுகம். மடலின் ஓரச் சங்கிலியிலிருந்து பக்கத்துக்கு 14 கண்ணி எடுத்து, கிண்ணத்தின் 16-உடனும் காத்திருந்த 28-உடனும் சேர்த்தால் மொத்தம் 72. ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்துப் பழைய 56-க்கு வர வேண்டும். மூலையில் ஓட்டை விழுந்தது. அந்த இடத்தில் கூட ஒரு கண்ணி எடுத்து அடுத்த சுற்றிலேயே பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துவிட்டால் அடைபடும். பாதம் நேராக ஓடியது. விரல் பக்கம் வந்ததும் ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் நான்கு நான்காகக் குறைத்து, கடைசி 8 கண்ணிக்குள் நூலைக் கோத்து இழுத்தேன். ஆறாம் நாள் ராத்திரி ஒரு கால் முடிந்தது.

இரண்டாவது காலை ஒன்றரை நாளில் பின்னிவிட்டேன். நூல் அதே நூல், ஊசி அதே ஊசி, கண்ணி அதே 56. கிளம்புகிற காலையில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார் ஆன்ட்டிஜி. இரண்டாவது ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது. எங்கே தவறினேன் என்று கேட்டேன்.

"தவறலை. முதல்ல பின்னும்போது பயந்துக்கிட்டு இருந்தே, நூலை இறுக்கிப் பிடிச்சே. ரெண்டாவதுதான் உன் கை" என்றார். முதலாவதை என் பக்கம் தள்ளினார். என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. அந்த ஐந்து கம்பிகளையும் துணியில் சுருட்டி என் பையில் வைத்தார்.

பேருந்தில் ஜன்னலோர இடம். சந்திராவும் பாகாவும் கூடுகிற தாண்டியைத் தாண்டியதும் சாக்ஸை எடுத்து, விரல் முனையில் கோத்திருந்த நூலை விடுவித்து இழுத்தேன். சுற்று சுற்றாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், கேட்காமலே, நெளிந்து விழுகிற நூலின் நுனியை எடுத்துத் தன் இரண்டு விரல்களில் சுற்ற ஆரம்பித்தார். சிஸ்ஸு போவதற்குள் பாதம் போய்விட்டது. சுரங்கத்துக்குள் நுழைந்தோம். 9 கிலோமீட்டர் மஞ்சள் வெளிச்சத்தில் குதிகால் அவிழ்ந்தது. கிண்ணம் ஒவ்வொரு வரிசையாகத் தட்டையாகி, பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. பக்கத்துப் பெண் கையை நிறுத்தி அதைப் பார்த்தார்.

"இந்தக் குதிகாலை எந்த வீட்டில் கத்துக்கிட்டே?" என்று கேட்டார்.