அப்பூரிமாக் கரையில் ஜூன்

செவ்வாய், யனவோக்கா

குஸ்கோவிலிருந்து தெற்கே வில்கனோட்டா ஆற்றை ஒட்டியே வந்த வேன், கொம்பபாத்தாவில் பெரிய சாலையை விட்டு மேலே ஏறியதும் மரங்கள் குறைந்தன. மேட்டுக்கு வந்தபின் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் பாரித்த புல். பெருவின் கானாஸ் மாகாணம் இங்கே தொடங்குகிறது. அதன் தலைநகரான யனவோக்கா ஏறத்தாழ 3,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த மேட்டு நிலம் இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கிறது. லங்குயி ஏரியின் நீர் கிழக்கே இறங்கி வில்கனோட்டாவில் சேர்கிறது. கெஹுவே பக்கம் பெய்யும் மழை மேற்கே அப்பூரிமாக்குக்குப் போகிறது. மலைகளுக்குள் பிரிந்து திரிந்த இரண்டும் வடக்கே காட்டுக்குள் அட்டலாயாவில் கூடி உகயாலி ஆகின்றன, பிறகு அமேசான். பசிபிக் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே விழும் மழை கண்டத்தையே கடந்து அட்லாண்டிக்குக்குப் போகிறது. வரைபடத்தில் பலமுறை பார்த்திருந்தும், இந்த மேட்டில் நின்று இரு பக்கமும் பார்த்தபோதுதான் அது மனதில் தைத்தது.

தங்கியிருக்கும் வீட்டின் பின்னால் தரையெல்லாம் சின்னச் சின்ன உருளைக்கிழங்கு. ஜூன் மாத இரவுக் குளிரில் அவை கல்லாய் உறையும், பகல் வெயிலில் இளகும். இளகியதை வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து, மறுபடி பனிக்கும் வெயிலுக்கும் விடுகிறார்கள். கறுத்துச் சுருங்கி லேசாகிவிட்ட அந்தக் கிழங்குக்குச் சூன்யோ என்று பேர். ஆண்டுக்கணக்கில் கெடாது. விளைச்சல் பொய்த்த வருஷத்துக்கு இதுதான் காவல்.

புதன், துங்கசூக்கா

ஏரிக்கரை ஊர். ஹோசே கப்ரியேல் கொண்டோர்கான்கி, அதாவது இரண்டாம் துபாக் அமாரு, சுரிமானா, பம்பமார்கா, துங்கசூக்கா மூன்றுக்கும் தலைவராக இருந்தவர். கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி அனுப்பும் தொழில் அவருக்கு. பொத்தோசி வரை அந்தப் பாதையில் என்ன நடக்கிறது என்பதை நேரில் கண்டவர்.

பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு முறை வைத்து ஆள் அனுப்ப வேண்டிய ஊர்கள் இவை. முறைவேலை இன்காக்கள் காலத்திலேயே இருந்ததுதான். பாதை, பாலம், களஞ்சியம் எல்லாம் அப்படி எழுந்தவையே. ஸ்பானியர் அதே வழக்கத்தை எடுத்துச் சுரங்கத்தின் வாயில் போட்டார்கள். தன் ஆட்களை விட்டுவிடும்படி 1777-ல் லீமாவுக்குப் போய் மனுக் கொடுத்துப் பார்த்தார் துபாக் அமாரு. பலிக்கவில்லை. 1780 நவம்பர் 4 அன்று கொரெஹிதோர் என்ற ஸ்பானிய மாவட்ட அதிகாரியாக இருந்த அந்தோனியோ தே அர்ரியாகாவைப் பிடித்து, 10-ஆம் தேதி இதே ஊரில் தூக்கிலிட்டார். கிளர்ச்சி தெற்கு ஆண்டிஸ் முழுக்கப் பற்றியது.

படை முன்னே போக, துங்கசூக்காவில் இருந்து உணவு, ஆயுதம், ஆள், கடிதம் எல்லாவற்றையும் நடத்தியவர் மனைவி மிக்காயேலா பஸ்தீதாஸ். தாமதிக்காமல் குஸ்கோவுக்குப் போங்கள் என்று கணவரைக் கடிந்து எழுதினார். அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. வரலாற்று நூல்களில் அவருக்கு இன்னும் இடம் வேண்டும். 1781 மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் இருவரையும் கொன்றார்கள். பார்த்துப் பயப்படட்டும் என்று துபாக் அமாருவின் கை ஒன்றை இந்த ஊருக்கு அனுப்பினார்கள். பயந்து அடங்கிய மக்களாக யாரும் எனக்கு இங்கே தென்படவில்லை. கடையில், வேனில், வயலில் எங்கும் கெச்சுவா மொழிதான் கேட்கிறது.

வியாழன், கெஹுவே

கெஸ்வாசாக்கா. அப்பூரிமாக்கின் குறுக்கே ஏறத்தாழ 28 மீட்டர் நீளத்துக்கு முழுக்க முழுக்கப் புல்லால் ஆன தொங்கு பாலம். ஹுயிஞ்சிரி, சௌபிபண்டா, சொக்காய்ஹுவா, கொல்யானா கெஹுவே என்ற நான்கு சமூகங்கள் ஆண்டுதோறும் ஜூனில் பழையதை நீக்கிப் புதிது கட்டுகின்றன. 2013-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது.

ஒவ்வொரு வீடும் தன் பங்குக் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். மேட்டுச் சரிவில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் கைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயா என்ற விறைப்பான புல். கல்லால் தட்டி நீரில் நனைத்துப் பதமாக்கியிருந்தார். இரண்டு புரியையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரே தேய்ப்பு. முறுக்கு விழுந்த கணத்தில் அடுத்த புல் செருகப்பட்டுவிட்டது, எங்கே ஒட்டியது என்றே தெரியவில்லை. விரல் பருமன்கூட இல்லாத கயிறு அவர் பின்னால் நீண்டுகொண்டே போனது. "மாமாய் (அம்மா), கை வலிக்காதா?" என்று கேட்டேன். "வலிக்கும்" என்றார், நிறுத்தாமல்.

பாலம் பின்னும் இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை என்பது இங்கே வழக்கம். அதனால் வெளியுலகம் பார்க்கும் படங்களில் எல்லாம் ஆண்களே தெரிகிறார்கள். ஆனால் பாலத்தின் பலம் இந்த மெல்லிய கயிற்றில்தான் இருக்கிறது. இது சொல்லப்படாமல் போவது எனக்கு வருத்தம்.

காலையில் பாக்கோ என்னும் பூசாரி கோக்கா இலைகளைப் படைத்து, மலைத் தெய்வங்களிடமும் பூமித்தாயிடமும் உத்தரவு கேட்டார். பிறகு கயிறுகளைச் சேர்த்து முறுக்கி, முறுக்கியதைப் பின்னி வடமாக்கினார்கள். நடக்க நான்கு, கைப்பிடிக்கு இரண்டு. இரு பக்கமும் வரிசையாக நின்று ஆண்கள் இழுக்க, வடம் இறுகும் சத்தம் பாறையில் மோதித் திரும்பியது.

வெள்ளி

பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டார்கள். புல்தானே, மட்கிவிடும். புது வடங்களை இக்கரைக்கும் அக்கரைக்கும் இழுத்துக் கல் தூண்களில் கட்டி முடிக்க இருட்டிவிட்டது.

சனி

சாக்காருவாக் எனப்படும் பாலக்காரர்கள் இரு கரையிலிருந்தும் வடங்களின் மேல் உட்கார்ந்தபடியே பக்கவாட்டைப் பின்னிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள். கீழே ஆறு. இடுப்பில் எதையும் கட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிறு

விருந்து, ஆட்டம், சரங்கோ. கானாஸ் இளைஞர்கள் பெண்களின் மனம் கவர வாசிப்பது இந்தச் சின்ன நரம்பு வாத்தியத்தைத்தான். அரேக்கிப்பாவில் வேலை செய்யும் பையன்கள் சிலரும் வந்திருந்தார்கள். எந்த வீட்டுக் கயிறு வந்தது, எது வரவில்லை என்பது ஊருக்கே தெரியும் என்று ஒருவன் சொன்னான்.

அருகிலேயே வாகனங்கள் போக இரும்புப் பாலம் இருக்கிறது. பின் எதற்கு இது என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம்: 2020-ல் பெருந்தொற்றால் வேலை நடக்கவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அந்த ஜூனிலேயே நான்கு சமூகங்களும் கூடி மறுபடி கட்டினார்கள். யாரும் ஆள் பிடிக்கவில்லை, யாரும் பொத்தோசிக்கு ஓட்டிப் போகவில்லை. தங்கள் முறைவேலையைத் தங்களுக்கே செய்துகொள்கிறார்கள். இந்தப் பாலத்தை இன்காக்கள் விட்டுப்போன மிச்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது இவர்களுடையது, இந்த வருஷத்தினுடையது.