நரையும் பம்பரும்

ஜெர்மனியில் நான் ஓட்டுவது 1985ஆம் ஆண்டு போர்ஷே 911. அதன் பம்பர்களைக் கழற்றிவிட்டு, 1989இல் வந்த 964 மாடலின் வழவழப்பான பம்பர்களைப் பொருத்தினேன். கூரையும் கதவுகளும் இரண்டு மாடல்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பம்பர் சேரும் இடங்களில்தான் தகர வேலை.

இங்கே 30 வயது கடந்த கார், பழைய தோற்றத்தோடு இருந்தால் நம்பர் பிளேட்டில் ‘எச்’ என்ற எழுத்தைப் பெறலாம். உருவத்தை மாற்றினால் அது கிடைக்காமல் போகலாம்.

“வயசுதானே அதுக்கு மதிப்பு, ஏன் மறைக்கிறாய்?” என்று அண்ணா பதறினார். என் நரைக்குச் சாயம் பூசச் சொன்னவரும் அவர்தான். காருக்கு வயது மரியாதை. பெண்ணுக்கு அதுவே குறை. காரை மாற்றியதும் நரையை விட்டதும் என் விருப்பம். இரண்டுக்கும் நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.