அப்பீல் முடிந்த பிறகு வந்த கணக்கு

என் அக்கா 2009 ஏப்ரலில், காலமான அத்தானின் நண்பர் ஒருவருக்கு, அவர் மகள் கல்யாணத்துக்காக 3 லட்சம் ரூபாய் கடன் கொடுத்தார். புரோநோட்டு எழுதி, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி பேசிக்கொண்டார்கள். இரண்டு வருடம் கேட்டுப் பார்த்துவிட்டு 2011 ஏப்ரலில் வழக்குப் போட்டோம். 2013 ஏப்ரலில் அக்கா பக்கம் தீர்ப்பானது.

தீர்ப்பு வந்த பத்தாம் நாள், பொதுவான ஒரு பெரியவர் வந்தார். "அப்பீல் எல்லாம் வேண்டாம், மொத்தமாக 4 லட்சம் தந்துவிடுகிறேன் என்கிறார். முடித்துக்கொள்ளுங்கள்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான்தான் வேண்டாம் என்றேன். "அப்பீல் போனால் போகட்டும் அக்கா, வட்டி ஏறிக்கொண்டேதானே இருக்கும்?" வாழ்நாளெல்லாம் அரசாங்க பில்களைக் கூட்டிக் கழித்தவன் சொன்னது. அக்கா நம்பிவிட்டார்.

அப்பீல் போட்டுவிட்டால் மட்டும் தீர்ப்பு நின்றுவிடாது. தனியாகத் தடை வாங்க வேண்டும். எதிராளி தன் வீட்டைப் பிணையாகக் காட்டித் தடை வாங்கினார். வாய்தாமேல் வாய்தா. 2019 ஏப்ரலில் அப்பீல் செலவுத்தொகையுடன் தள்ளுபடியானது.

அன்றிரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அசல் 3 லட்சம். தீர்ப்பு நாள் வரை 4 வருட வட்டி 1,44,000. ஆக 4,44,000. கீழ்க்கோர்ட்டுச் செலவுத்தொகை 31,400. இரண்டையும் கூட்டி, 6 சதவீதம் வீதம் 6 வருடத்துக்கு வட்டி 1,71,144 என்று எழுதி வக்கீலிடம் கொண்டுபோனேன்.

அவர் பேனாவை எடுத்து அடித்தார். "சார், சிவில் நடைமுறைச் சட்டம் 34-ஆம் பிரிவைப் பாருங்கள். தீர்ப்புக்குப் பிந்திய வட்டி அசலுக்கு மட்டும்தான். அதுவரை ஏறிய வட்டிக்கு வட்டி கிடையாது. கைமாற்றுக் கடனுக்கு 6 சதவீதத்துக்கு மேல் தரமுடியாது. வியாபாரக் கடனாக இருந்தால்தான் கூடுதலாகக் கேட்கலாம். செலவுத்தொகைக்கு வட்டி கொடுக்கலாம் என்று 35-ஆம் பிரிவில் முன்பு ஒரு வரி இருந்தது. 1956 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்."

அவர் போட்ட கணக்கு இது: 3 லட்சத்துக்கு வருடத்துக்கு 18,000. ஆறு வருடத்துக்கு 1,08,000. நான் எழுதியதைவிட 63,144 குறைவு. இரண்டு கோர்ட்டுச் செலவுத்தொகை 50,000-ஐயும் சேர்த்து மொத்தம் 6,02,000. அது வந்தது. ஆனால் அக்கா கைவிட்டுச் செலவழித்தது 90,000. கோர்ட் கணக்கிடும் வக்கீல் ஃபீஸும் நாம் உண்மையில் கொடுக்கும் ஃபீஸும் ஒன்றல்ல.

2013-இல் வந்த 4 லட்சத்தை வாங்கி, 8 சதவீதத்தில் வங்கியில் போட்டிருந்தால் ஆறு வருடத்தில் 6,40,000-ஐத் தாண்டியிருக்கும். அலைச்சலும் இல்லை. நாங்கள் ஜெயித்த வழக்கில் லாபம் பார்த்தது தாமதம் செய்தவர்தான். வெளியே 8, 9 சதவீதம் கிடைத்த காலத்தில் கோர்ட் வட்டி 6 என்றால், அவர் எதற்கு அவசரப்படுவார்?

பள்ளியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். அங்கே தீர்ப்பு நிறைவேற்றத்தக்கதாகி இரண்டு மாதத்தில் பணம் கட்டாவிட்டால், சட்ட வட்டி விகிதம் 5 புள்ளி கூடிவிடுகிறது. இழுத்தடித்தால் நஷ்டம் கடனாளிக்கு. புதுச்சேரிக்கு இந்திய சிவில் நடைமுறைச் சட்டம் வந்தது 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். தீர்ப்பு நகல் கைக்கு வந்தவுடன் கடைசிப் பத்தியைப் படியுங்கள். பிந்திய வட்டி பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை என்றால், மறுத்ததாகவே அர்த்தம். அதற்காகத் தனி வழக்கும் போட முடியாது. சமாதானம் பேச யாராவது வந்தால், வீம்பை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அக்காவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீதானே தம்பி நம்ம வீட்டுக் கணக்குப்பிள்ளை, உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?" என்று காபி கலக்கப் போனார். திட்டியிருந்தால் தேவலை.