சீர் வேறு, பங்கு வேறு!

"சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல்" என்பார்கள். கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவர்களுக்கே அந்தப் பழமொழியின் அருமை தெரியும். ஆனால் சகோதரிகளே, யார் காலிலும் விழாமல் வழக்கைத் தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது, தெரியுமோ?

எங்கள் திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னனும் அதே நாளில் கும்பாபிஷேகம் வைத்தான். ஈசன் மன்னன் கனவில் தோன்றி, வேறு நாள் பார்க்கச் சொல்லிவிட்டாராம். கவனியுங்கள்: விட்டுக் கொடுத்தவன் அரசன், ஏழை அடியார் அல்ல! நம் வீடுகளில் விட்டுக் கொடுப்பது யார் என்று நான் சொல்லவா வேண்டும்?

எங்கள் தெரு அம்மாள் ஒருவர், தகப்பனார் வீட்டில் பங்கு கேட்டு அண்ணன்மேல் வழக்குப் போட்டிருந்தார். "சமரச மையத்தில் பேசிப் பாருங்கள்" என்று கோர்ட்டில் சொன்னதும் பதறிப்போய் என்னிடம் வந்தார். "நீ பத்திரிகையில் எழுதுகிறவளாயிற்றே, சொல்லேன். பேச்சு என்று வந்தால் பெண்தானே விட்டுக் கொடுக்கணும்?"

நியாயமான கேள்வி! விசாரித்தேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ம் ஆண்டு சமரச மையம் ஏற்பட்டது. மாவட்டக் கோர்ட்டுகளிலும் இப்போது உண்டு. அங்கே சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் வைத்துப் பேசுவார். பேசியது வெளியே போகாது. ஒத்து வராவிட்டால் வழக்கு பழையபடி நடக்கும்.

மக்கள் நீதிமன்றம் இன்னொரு வழி. அங்கே முடிந்தால், கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முடிவின்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே கையெழுத்துக்கு முன்னால் யோசனை வேண்டும்.

என் பங்கு எவ்வளவு? எந்தத் தேதிக்குள் தருவார்கள்? தராவிட்டால் என்ன வழி? இந்த மூன்றையும் கேளுங்கள். உயில் எழுதாமல் காலமான இந்துத் தகப்பனாரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1956-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்றால் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. இது 1987-ம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை.

அந்த அம்மாள் இதையெல்லாம் தெரிந்துகொண்டே பேசப் போனார். மூன்றாம் முறை முடிந்தது. வீடு அண்ணனுக்கு, பங்கின் மதிப்பு இவருக்கு, தேதி குறித்து. அதன்படியே கோர்ட்டும் டிக்ரி கொடுத்தது.

பணம் வந்தது. பொங்கலுக்கு அண்ணன் வீட்டுச் சீரும் வந்தது. "சீர் வேறு, பங்கு வேறு" என்றார் அம்மாள், இரண்டையும் பத்திரப்படுத்திக்கொண்டே.